லிஃப்ட்காரர் நின்ற ஒன்பது தேர்தல்கள்

அந்த வட்டாரத்தில் ‘வேட்பாளர் வீடு எது?’ என்று கேட்டால், தேர்தல் இருக்கிறதோ இல்லையோ, எல்லோரும் ஒரே வீட்டைத்தான் காட்டுவார்கள். தையல் கடைக்கு மேலே முதல் மாடி, பச்சைக் கதவு. தேர்தலுக்குத் தேர்தல் ஏழெட்டுப் பேர் மனு போடுவார்கள். ஒருவர் ஜெயித்துச் சட்டசபைக்குப் போவார், மற்றவர்கள் அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போவார்கள். வேட்பாளராகவே நிலைத்துவிட்டவர் இவர் ஒருவர்தான். மகள் மூன்றாம் வகுப்பில் படித்தபோது, பள்ளிக்கூடப் படிவத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘வேட்பாளர்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். டீச்சர் கூப்பிட்டு விசாரித்ததற்கு, “நடுநடுவுல லிஃப்டும் ரிப்பேர் பண்ணுவாரு” என்றாளாம்.

சோறு போட்டது அந்த லிஃப்ட்தான். மூன்று மெக்கானிக்குகள் சேர்ந்து நடத்திய சின்னக் கம்பெனி அது. நகரத்தின் பாதி லிஃப்டுகள் அவர்கள் கையில் இருந்தன. நம்மவருக்குக் காது கூர்மை. மூடிய கதவில் காதை வைத்து, லிஃப்ட் ஒரு தடவை மேலே போய்க் கீழே வருவதைக் கேட்டால் போதும். பிரேக் தேய்ந்திருக்கிறதா, இரும்புக் கயிறு தளர்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். ஆனால் அந்தக் காதில் ஒன்று மட்டும் ஏறாது: கிண்டல். யாராவது எரிச்சலில் ‘போய் வேலையைப் பாருய்யா’ என்றால், நின்று நிதானமாக ‘எந்த வேலைங்க?’ என்று கேட்பார். அவர் அரசியலுக்கு வந்ததே இந்தக் குணத்தால்தான்.

அப்போது அவருக்கு இருபத்தொன்பது வயது. கல்யாணமாகி எட்டு மாதம். மொத்த வியாபார மார்க்கெட்டுக்குப் பின்னால் அரசாங்கம் கட்டிய எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்று உண்டு. அதன் லிஃப்ட் நின்று ஐந்து வாரம் ஆகியிருந்தது. பிரேக்கின் கம்பிச்சுருளான காயில் கருகிவிட்டது, புதிது வாங்க வேண்டும் என்று, லிஃப்ட் நின்ற இரண்டாம் நாளே எழுதிக் கொடுத்துவிட்டார். வாங்குவதற்கு ஒரு கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார், புது அதிகாரி இன்னும் வரவில்லை. மூன்றாவது நினைவூட்டலை அந்தக் குடியிருப்பின் அலுவலகத்தில் கொடுக்கப் போன காலை நேரத்தில், ஆறாம் மாடியிலிருந்து ஓர் ஆள் மூச்சிரைக்க ஓடி வந்தான். அவன் மனைவிக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது. படி இறங்க முடியவில்லை.

ஒரு மர நாற்காலியில் அந்தப் பெண்ணை உட்கார வைத்து, இடுப்பைப் போர்வையால் கட்டி, முன்னால் புருஷனும் பின்னால் லிஃப்ட்காரருமாகத் தூக்கி இறங்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலிக் கால் சுவரில் இடித்தது. அந்தப் பெண் வலிக்கு நடுவிலும் இரண்டு பேரையும் வறுத்தெடுத்தபடியே வந்தாள். மூன்றாம் மாடியில் மூச்சு வாங்க இறக்கி வைத்தபோது, இவர் சட்டையில் தைத்திருந்த கம்பெனிப் பெயரைப் பார்த்துவிட்டாள்.

“நீங்க லிஃப்ட்காரர்தானே?”

“ஆமாம்மா.”

“அப்போ நாற்காலியை ஏன் தூக்கிட்டிருக்கீங்க? லிஃப்டைச் சரி பண்ண வேண்டியதுதானே?”

அவர் நாற்காலியை மறுபடி தூக்கினார். அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. இவர் அங்கிருந்து கிரீஸ் சட்டையோடு நேராகத் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு நடந்தார். உறுப்பினர் இல்லை, செயலாளர் இருந்தார். மேசையில் கண்ணாடி போட்டு, கண்ணாடிக்கு அடியில் உறுப்பினரின் படங்கள் வைத்திருந்த மனிதர். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, பேனாவை மூடினார்.

“அந்தக் கட்டடத்துல மொத்தம் எத்தனை ஓட்டு இருக்கும்?”

“எண்ணலீங்க. லிஃப்டுக்கு அது எதுக்கு?”

“தம்பி, எங்க சாருக்கு ஆயிரம் வேலை. உங்களுக்கு அவ்வளவு அக்கறையா இருந்தா, வர்ற தேர்தல்ல நீங்களே நின்னு ஜெயிச்சு வந்து கையெழுத்துப் போட்டுக்கங்களேன்.”

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்தார், சொன்னதில் நியாயம் இருப்பதாகவே பட்டது.

“அதுக்கு மனு எங்க குடுக்கணும்?” என்றார்.

அன்று சாயங்காலம் அவர் படிவத்தோடு வீட்டுக்கு வந்தபோது மனைவி பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. எதைக் கொடுத்தாலும் முதலில் பிழைதான் கண்ணில் படும். படிவத்தை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

“நாலாவது வரியில ஒற்று மிகணும். அரசாங்கமே இப்படித் தப்பு விடுது” என்றாள். பிறகுதான் அது என்ன படிவம் என்று உறைத்தது. “என்னங்க இது? நீங்களா நிக்கப் போறீங்க?”

“ஆமா.”

“ஜெயிச்சா என்ன பண்ணுவீங்க?”

“அந்த லிஃப்டுக்குக் கையெழுத்துப் போடுவேன்.”

“அது ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும். அப்புறம்?”

“அப்புறம் நாலு வருஷம் இருக்கே. மத்த கட்டடத்தையும் பாக்கலாம்.”

அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இது விளையாட்டில்லை என்று தெரிந்ததும் பேனாவை எடுத்து, அவர் வரும் வழியிலேயே எழுதி வைத்திருந்த இரண்டு பக்கத் துண்டறிக்கையில் முக்கால்வாசியை அடித்தாள். மிஞ்சியது நான்கு வரி. நாலு மாடிக்கு மேல் உள்ள எந்தக் கட்டடத்திலும் லிஃப்ட் நின்றால் இரண்டு நாளைக்குள் ஓட வைக்க வேண்டும் என்று சட்டம் வேண்டும்; அதற்காக நிற்கிறேன்; இதுதான் என் தொழில்; எனக்கு வாக்களியுங்கள். அந்த நான்கு வரி கடைசித் தேர்தல் வரைக்கும் மாறவே இல்லை.

பிரசாரத்தை அவர் லிஃப்டுக்குள்ளேயே செய்தார். வேலை முடிந்தபின் சட்டையை மாற்றிக்கொண்டு ஏதாவதொரு கட்டடத்தின் லிஃப்டில் ஏறி நிற்பார். யார் எந்த மாடிப் பொத்தானை அழுத்துகிறார்களோ அந்த அளவுக்குப் பேச்சு. மூன்றாம் மாடிக்கு ஒரு வரி, ஐந்தாம் மாடிக்கு இரண்டு வரி, எட்டாம் மாடிக்குப் போகிறவர்களுக்கு நாற்காலியில் தூக்கிய கதை முழுவதும். இறங்க வேண்டிய மாடி வந்ததும் பேச்சைப் பாதியில் நிறுத்தி வழிவிடுவார். கதவை மறித்து நின்று பேசியதாக யாரும் அவரைக் குறை சொன்னதில்லை.

அறுபத்தொரு ஓட்டு விழுந்தது. டெபாசிட் போயிற்று என்று சொல்லவே வேண்டாம். கம்பெனியில் மற்ற இருவரும் ஆறுதல் சொல்லத் தயாராக வந்தார்கள். அவரோ பல்லெல்லாம் தெரிய நின்றார். “எனக்குத் தெரிஞ்சவங்க நாப்பது பேருக்கு மேல இல்ல. மீதி இருபத்தொரு பேர் யாருன்னே தெரியல!” என்று ஒரு வாரம் எதிர்ப்பட்டவர்களின் கையையெல்லாம் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார், யார் அந்த இருபத்தொருவரோ, விட்டுப் போகக்கூடாது பாருங்கள். மூன்றாம் வாரம் எட்டு மாடி லிஃப்டின் காயிலுக்குக் கையெழுத்து வந்துவிட்டது. செயலாளருக்கு அந்த அறுபத்தொன்று உறுத்தியதோ, புது அதிகாரி பொறுப்பேற்றதோ, காரணம் தெரியாது. இவரைத்தான் கூப்பிட்டுப் பொருத்தச் சொன்னார்கள். அந்த மோட்டார் அறையில் நின்று, முதல் தடவையாக லிஃப்ட் ஏறி வருகிற ஓசையைக் கேட்டபோது, தேர்தலில் நிற்பது பயனுள்ள காரியம்தான் என்று அவருக்கு முடிவாகிவிட்டது.

அதற்குப் பிறகு நாலு வருடத்துக்கு ஒரு தடவை நின்றார். இரண்டாம் தேர்தலில் முப்பத்தெட்டு. மூன்றாவதில் எழுபது. நான்காவதில் நூற்று நாற்பது. அது ஒரு விபத்து. துணிக்கடைகள் நிறைந்த ஒரு பெரிய கட்டடத்தில் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே லிஃப்ட் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே இவரோடு பதினோரு பேர். உள்ளே இருந்துகொண்டு மெக்கானிக் ஒன்றும் செய்ய முடியாது. மேலே மோட்டார் அறைக்குத்தான் போக வேண்டும். கூட்டாளி வந்து சேர ஐம்பது நிமிடம் ஆயிற்று. அத்தனை நேரமும் ஒருவரும் பயப்படாமல் பார்த்துக்கொண்டார். இந்த ஓசை எதனால், இந்த ஆட்டம் எதனால், கயிறு ஏன் அறாது என்று சொல்லிச் சொல்லி எல்லோரையும் சகஜமாக்கினார். வெளியே வந்த பதினோரு பேரும் ஊரெல்லாம் அதையே பேசினார்கள்.

எதிர்த் தரப்பு ஒன்று, இவர் வேண்டுமென்றே லிஃப்டை நிறுத்தி வாக்காளர்களைச் சிறைபிடித்தார் என்று புகார் கொடுத்துவிட்டது. தேர்தல் அதிகாரி கூப்பிட்டு விசாரித்தார்.

“நீங்க நிறுத்தினீங்களா?”

“இல்லீங்க. நான் நிறுத்தியிருந்தா அஞ்சு நிமிஷத்துல ஓட விட்டிருப்பேன். எனக்குப் பேச இருக்கறது நாலே வரிதான்.”

அதிகாரி துண்டறிக்கையைப் புரட்டிப் பார்த்தார். நாலு வரிதான் இருந்தது. புகாரை மூடிவிட்டார்.

ஐந்தாவதில் மறுபடியும் நாற்பத்து நான்குக்கு இறங்கினார். அதற்காக அவர் சுணங்கவில்லை. ஆறாவது தேர்தலுக்கு முன் ஒரு கட்சிக்காரர்கள் வந்து, எங்கள் சார்பில் நில்லுங்கள் என்றார்கள். அவர்களுடைய அறிக்கையை வாங்கி இரண்டு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல நாப்பது விஷயம் இருக்கு. எனக்கு ஒண்ணுதாங்க தெரியும்.” வந்தவர்கள் இதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டு போனார்கள்.

சொல்லப்போனால், தேர்தலுக்கு முந்தைய அந்த ஆறு வாரங்கள் அவருக்குப் பிடித்திருந்தன. மற்ற நாட்களில் அவர் பார்ப்பது இயந்திரங்களை. ஏறி இறங்கும் மனிதர்களின் கால்கள் மட்டும்தான் கண்ணில் படும். தேர்தல் சமயத்தில் முகங்களைப் பார்க்கலாம். ஏழாம் மாடிக் கணக்காயர் தன் முட்டிவலியைச் சொல்வார். நாலாம் மாடிப் பெண்மணி மருமகளைப் பற்றிச் சொல்வாள். வீட்டுக்கு வந்து இதையெல்லாம் மனைவியிடம் சொல்லும்போது, “ஓட்டுக் கேட்டீங்களா, இல்ல அதை மறந்துட்டீங்களா?” என்பாள். பாதி நாள் மறந்துதான் போயிருப்பார்.

இதற்குள் வீட்டில் ஆட்கள் கூடியிருந்தார்கள். மனைவியின் தம்பி வளர்ந்து, நாற்காலி மேசை ஏற்றும் வேன் ஓட்டத் தொடங்கி, பின்கட்டு அறைக்குக் குடிவந்துவிட்டான். தேர்தல் என்றால் அவன்தான் ஒலிபெருக்கி, அவன்தான் ஏஜென்ட். மகள் வளர்ந்து மருந்தாளுநர் படிப்பில் சேர்ந்தாள். எட்டாவது தேர்தலில் அவளுக்கு முதல் ஓட்டு.

அந்த எட்டாவது தேர்தலில்தான் குடும்பமே கலகலத்துப்போனது.

வாக்குப்பதிவுக்குப் பத்து நாள் முன்பு, பொது நூலகத்தின் கூடத்தில் எல்லா வேட்பாளர்களையும் உட்கார வைத்து ஒரு கூட்டம் நடத்தினார்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம். நம்மவர் ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிட்டு உட்கார்ந்தார். அடுத்துப் பேசியவர் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர். முதல் தடவையாக நிற்கிறவர். பேச்சு பிரமாதம் என்று சொல்ல முடியாது. காகிதத்தைப் பார்த்துப் படித்தார், நடுவில் ஒரு பக்கத்தைத் தவறவிட்டார். கேள்வி நேரத்தில் லிஃப்ட்காரர் கையைத் தூக்கினார்.

“உங்க ஆஸ்பத்திரியில நோயாளி லிஃப்ட் நின்னா, எத்தனை நாள்ல சரி பண்ணணும்னு விதி இருக்குங்களா?”

ஏழு தேர்தலிலும் இதே கேள்வியை யாரிடமாவது கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒருவர், எங்கள் ஆட்சியில் லிஃப்ட் நிற்கவே நிற்காது என்பார். இன்னொருவர், எதிர்க்கட்சியின் சதி என்பார். நர்ஸ் கொஞ்சம் யோசித்தார்.

“எனக்குத் தெரியலீங்க. தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்றேன்” என்றார்.

கூடத்தில் சிலர் சிரித்தார்கள். நான்காம் நாள் காலை, ஸ்பேனரும் கயிறுமாகக் கிடந்த லிஃப்ட் கம்பெனி வாசலில் அந்த நர்ஸ் வந்து நின்றார். கையில் இரண்டு பக்கக் காகிதம். “விதி இல்லையாம். போன வருஷம் ஒரு தடவை பத்தொன்பது நாள் நின்னிருக்கு. பதிவேட்டைப் பாத்து எழுதிட்டு வந்தேன்” என்று கொடுத்துவிட்டு, டூட்டிக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார். ஓட்டுக் கூடக் கேட்கவில்லை.

லிஃப்ட்காரர் அந்தக் காகிதத்தை மூன்று தடவை படித்தார். வாக்குப்பதிவன்று பள்ளிக்கூட அறையில், அட்டைத் தடுப்புக்குப் பின்னால், சீட்டில் தன் பெயரையும் நர்ஸின் பெயரையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார். பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள். நர்ஸுக்குப் போட்டுவிட்டு வந்தார். அடுத்தவன் வீட்டுக் கொடியிலிருந்து சட்டையை எடுத்துவிட்ட மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது. யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மச்சினன் எண்ணிக்கைக் கூடத்திலிருந்து நோட்டும் கையுமாக வந்தான். நர்ஸ் ஜெயித்துவிட்டார். நம்மவருக்கு எண்பத்தெட்டு.

“சாவடி வாரியா எழுதியிருக்கேன் அத்தான்” என்று உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தான். “மார்க்கெட் சாவடி பதினாலு. எட்டு மாடிச் சாவடி இருபத்தாறு. அது எப்பவும் நம்ம கோட்டை. நூலகம் ஒன்பது. நம்ம பள்ளிக்கூடச் சாவடி...” என்றவன் சட்டென்று நிறுத்தி, அடுத்த வரிக்குத் தாவினான். “தபால் நிலையம் ஏழு.”

“இருங்க மாமா. நம்ம சாவடி எவ்வளவு?” என்றாள் மகள்.

“அது... ஒண்ணு.”

மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். அந்தச் சாவடியில்தான் இந்த வீட்டின் நாலு ஓட்டும். நின்றவர் தனக்குத்தானே போட்டிருப்பார், அது ஒன்று. அப்படியானால் மற்ற மூன்று? மேசையைச் சுற்றி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். மனைவி மட்டும் ரொட்டியை வெட்டிக்கொண்டே இருந்தாள்.

மச்சினன்தான் முதலில் உடைந்தான். “அத்தான், நான் அந்தப் பழைய மெம்பருக்குப் போட்டேன். வேன் நிறுத்த இடம் ஒதுக்கித் தரேன்னாரு. உங்களுக்குத்தான் எப்படியும் விழுமேன்னு... நான் ஒரு ஆள் போடலைன்னா தெரியவா போகுதுன்னு நினைச்சேன்.”

“நான் நர்ஸுக்குப் போட்டேன் அப்பா. மன்னிச்சிடுங்க. அவங்க எங்க காலேஜுக்கு வந்து பேசினாங்க” என்றாள் மகள். கண் கலங்கிவிட்டது.

லிஃப்ட்காரருக்கு மகளின் கண்ணீரைப் பார்க்கப் பொறுக்கவில்லை. “அழாதேம்மா. நானும் அவங்களுக்குத்தான் போட்டேன்” என்று சொல்லிவிட்டார்.

ரொட்டி வெட்டும் சத்தம் நின்றது.

மச்சினன் விரலை மடக்கினான். அத்தான் இல்லை. நான் இல்லை. இவள் இல்லை. “அப்போ அந்த ஒண்ணு?” என்று அக்காவைப் பார்த்தான். மூன்று பேரும் பார்த்தார்கள். இருபத்தெட்டு வருடமாக, ‘இந்தத் தடவையாவது என்னை யாருக்காவது ஒழுங்கா ஓட்டுப் போட விடுங்க’ என்று புலம்பியே வந்தவள் அவள்.

“என்ன பாக்கறீங்க?” என்றாள். காது மடல் சிவந்திருந்தது. “எட்டுத் தடவையும் போட்டிருக்கேன். அதைத் தண்டோரா போட்டுச் சொல்லணுமா?” பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். “நோட்டீஸ் கடைசி வரியில என்ன இருக்கு?”

“எனக்கு வாக்களியுங்கள்...”

“நானும் எட்டுத் தடவை திருத்திக் குடுத்திருக்கேன். எழுதினவருக்கே படிச்சா புரியலையா?”

மச்சினனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல், வாயிலிருந்த சூப்பு நோட்டின் மேல் தெறித்தது. மகள் அழுகையும் சிரிப்புமாக மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். லிஃப்ட்காரர் மட்டும் சிரிக்கத் தைரியமில்லாமல், “தப்புத்தான். தப்புத்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போதே, இத்தனை தேர்தலில் தனக்கு விழுந்த ஓட்டிலேயே இதுதான் பெரிய ஓட்டு என்று உள்ளுக்குள் குளிர்ந்துகொண்டிருந்தார்.

அன்று முழுக்க அவள் அவரிடம் வார்த்தையை அளந்துதான் பேசினாள். மறுநாள் காலை அச்சகத்துக்குக் கிளம்பும்போது, செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள்: “அந்தம்மா நல்லவங்கதான். எனக்கும் தெரியும். ஆனா அவங்களுக்கு ஆயிரக்கணக்குல போட ஆள் இருந்துச்சு. உங்களுக்கு நான் இல்லாட்டி யாரு?”

நர்ஸ் பதவியேற்ற ஏழாம் மாதம் ஒரு கடிதம் வந்தது. கட்டடப் பாதுகாப்பைப் பற்றி விசாரிக்கும் சட்டசபைக் குழுவின் முன், தொழில் தெரிந்தவர் என்ற முறையில் வந்து சாட்சியம் அளிக்க வேண்டும் என்று. எட்டுத் தடவை எந்தக் கட்டடத்துக்குள் போக மனுப் போட்டாரோ, அதற்குள் அவர் முதல் தடவையாக நுழைந்தார். மனைவி புதுச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்திருந்தாள். உள்ளே போனதும் பளிங்குத் தூண்களையோ படங்களையோ அவர் பார்க்கவில்லை. லிஃப்ட் வாசலில் நின்று காதைத் தீட்டினார். சத்தமே இல்லை. வெண்ணெய் மாதிரி வந்து நின்றது.

பெரிய வளைவு மேசைக்குப் பின்னால் ஒன்பது உறுப்பினர்கள். ஒருவர் கேட்டார்: “ரெண்டு நாள்ங்கறது நடக்கற காரியமா? செலவு எவ்வளவு, ஆள் எங்க?”

“இந்தக் கட்டடத்துக்கு மூணு மாடி” என்றார் லிஃப்ட்காரர். “நாலு லிஃப்ட் இருக்கு. நாலும் ஓடுது. எந்த ஒண்ணு நின்னாலும் ஒரு மணி நேரத்துல ஆள் வந்துடறாரு. வாசல்ல எழுதிப் போட்டிருக்கு. தப்பில்லீங்க, நல்லாத்தான் பராமரிக்கறீங்க. எட்டு மாடிக்கு ஒண்ணே ஒண்ணு இருக்கற இடத்துல ரெண்டு நாள் கேக்கறேன். நடக்காதுன்னு தோணலை.”

கேட்டவர் தண்ணீர் குடித்தார். மேசையின் ஓரத்தில் நர்ஸ் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். எழுதும்போது தோள் குலுங்கியது.

சட்டம் வர இன்னும் இரண்டு வருடம் பிடித்தது. வந்தபோது இரண்டு நாள் ஐந்து நாளாகியிருந்தது. அரசுக் கட்டடங்களுக்கு மட்டும். தனியார் கட்டடங்களைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவிட்டார்கள். செய்தித்தாளில் ஆறாம் பக்கத்தில் நாலு வரி போட்டிருந்தார்கள். மனைவி அதை வெட்டி எடுத்து, ஓரத்தில் ஒரு பிழையைத் திருத்தி, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள்.

இனிமேல் நிற்க மாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மனு கொடுக்கும் நாளில் அவர் வழக்கம்போல் போய் வரிசையில் நின்றார். அன்று மதியமே நர்ஸிடமிருந்து போன் வந்தது.

“அண்ணே, என்னை எதிர்த்தா நிக்கறீங்க?”

“எதிர்த்து இல்லம்மா. கூடத்தான் நிக்கறேன். மூணு நாள் பாக்கி இருக்கே. நான் நிக்கலைன்னா அதை யாரு கேப்பாங்க?”

“கேளுங்கண்ணே” என்றார் நர்ஸ். “கூட்டத்துல நல்லா சத்தமாவே கேளுங்க. அப்போதான் எனக்கும் உள்ள பேச வசதி.”

அப்படியே கேட்டார். ஒன்பதாவது தேர்தலில் நர்ஸ் மறுபடி ஜெயித்தார். நம்மவருக்கு நூற்றுப் பதினேழு. அறுபத்தொரு வயதில் அந்த எண்ணைக் கேட்டுவிட்டு, தேநீரில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே, “ஏறுமுகம்தான்” என்றார்.

தேர்தல் முடிந்து ஏழு நாளைக்குள் சுவரொட்டிகளை எடுத்துவிட வேண்டும் என்று விதி. ஜெயித்தவர்கள், தோற்றவர்கள் யாரும் அதைச் சட்டை செய்வதில்லை; இவர் ஒருவர்தான் ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியும் கூட வந்தாள். பஸ் நிலையத்துக்கு அந்தப் பக்கம், சாவி வெட்டிக் கொடுப்பவரின் தகரக் கடை. பக்கவாட்டுத் தகரத்தில் இவர் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. ஓரத்தை நகத்தால் பிய்த்தபோது, உள்ளிருந்து சாவிக்காரர் தலையை நீட்டினார்.

“ஐயா, ஐயா, அதை மட்டும் விட்டுடுங்க. பின்னால ஓட்டை. நீங்க இருக்கறதாலதான் எனக்குக் காத்து அடிக்காம இருக்கு.”

மனைவி ஏணியைப் பிடித்தபடியே சிரித்துவிட்டாள். லிஃப்ட்காரர் சுவரொட்டியைத் தூக்கிப் பார்த்தார். துருப்பிடித்து, கையளவு ஓட்டை. விதி விதிதான், அதற்காக ஒரு மனிதரைக் காற்றில் விட்டுப் போகவும் முடியாது. மனைவியை அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, பக்கத்துத் தெருவிலிருந்த கம்பெனிக்குப் போய், பழைய லிஃப்ட் கதவிலிருந்து வெட்டிய ஒரு தகட்டையும் நாலு திருகாணியையும் எடுத்துக்கொண்டு வந்தார். கால் மணி நேரத்தில் ஓட்டை அடைபட்டது. அதன் பிறகு தன் முகத்தை நிதானமாக உரித்தெடுத்து, மடித்துப் பைக்குள் வைத்தார்.

சாவிக்காரர் தகட்டைத் தட்டிப் பார்த்தார். “கெட்டியா இருக்கு. அடுத்த தடவை என் ஓட்டு உங்களுக்குத்தான்.”

“ரொம்ப சந்தோஷம். உங்களுக்கு எந்தச் சாவடி?”

“எனக்கு இந்தத் தொகுதியே இல்லீங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம்.”

“பரவால்ல. அங்கயும் மாடி இருக்குமில்ல?” என்று துண்டறிக்கை ஒன்றை அவர் கையில் கொடுத்தார். ஏணியின் ஒரு முனையை இவரும் மறுமுனையை மனைவியுமாகப் பிடித்துக்கொண்டு, அடுத்த சுவரைப் பார்க்க நடந்தார்கள்.